இரத்தம் வந்தால் என்ன செய்வீங்கள்?

அளவெட்டியிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் என் கதிரையில் முதல் தடவை வந்து இருந்த அன்று, பத்து நிமிடத்தில் அவரை விரட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக், வெளியே நாற்பது பேர், எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். என் பேச்சுக்குப் பயந்து பல் நோவோடு வீட்டில் இருந்தவர்களும் உண்டென்று பிறகுதான் அறிந்தேன்.

பெயர் தயாபரன். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"கீழை முன்பல்லு ஒண்டு ஆடுது டொக்டர். மேலையும் ரெண்டு அசையுது. முன்பல்லு போனால் சீவாளியை உதட்டாலை பிடிக்கேலாது. என்ரை தொழில் முடிஞ்சுது."

நாதஸ்வர நுனியில் வைத்து ஊதும் சிறு நாணல் துண்டுதான் சீவாளி. அதைப் பிடிக்கும் உதட்டுக்கு முன்பற்களே முட்டு.

வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு என்று புத்தகம் சொல்வதை எங்கள் ஊரில் முரசு என்போம். அது சிவந்து வீங்கிக் கிடந்தது. முரசைச் சோதிக்கும் புரோப் கம்பி பட்டவுடன் இரத்தம். பல்லடியெல்லாம் ஊத்தை இறுகிக் கல்லாகியிருந்தது.

"அண்ணை, பல்லு விளக்கிறனீங்களோ இல்லையோ?"

"விளக்கிறனான்..."

"பொய் சொல்லாதேங்கோ. உந்த வாயைப் பார்த்தால் தெரியாதே?"

வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அந்தக் கல்லைச் சுரண்டி எடுக்க, ஸ்கேலிங் செய்ய, அடுத்த கிழமைக்குத் திகதி கொடுத்தேன். அவர் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து, ஐப்பசி மழையில், மனைவியோடு வந்தார். கீழ்ப்பல் நாக்குப் பட்டாலே சாய்ந்தது. எக்ஸ்ரேயில் அதைச் சுற்றி எலும்பே இல்லை. நான் பழையபடி தொடங்க, மனைவி மறித்தார்.

"டொக்டர், உவர் மற்ற நாளிலை ரெண்டு தரம் விளக்குவார். திருவிழா தொடங்கினால்தான் பிரஷைத் தொடமாட்டார். உப்புத் தண்ணியிலை கொப்பளிக்கிறதோடை சரி."

"ஏன்?"

தயாபரன் தலை குனிந்தபடி சொன்னார். "விளக்கினால் இரத்தம் வருது. வாயிலை இரத்தத்தோடை சாமிக்கு முன்னாலை நிண்டு ஊதலாமே? துடக்கெல்லோ."

சித்திரையில் தொடங்கினால் ஆவணி மட்டும் ஒரு கோயில் முடிய இன்னொரு கோயில். அத்தனை நாளும் முரசு ஓரத்தில் ஊத்தை படிகிறது, முரசு வீங்குகிறது, இரத்தம் கூடுகிறது, அவர் தீட்டென்று இன்னும் பயப்படுகிறார். பஞ்சிப்பட்டு, சோம்பலில் விளக்காத ஆள் என்றல்லவா நான் நினைத்தேன்! வெட்கமாக இருந்தது.

"அண்ணை, விளக்கிறதாலை இரத்தம் வாறேல்லை. விளக்காமல் விட்ட ஊத்தையாலைதான் வருது. கல்லை நான் எடுத்துவிடுறன். நீங்கள் மெத்தென்ற பிரஷாலை முரசு ஓரத்தை ஒவ்வொரு நாளும் துடையுங்கோ. வீக்கம் வத்த இரத்தமும் நிண்டிடும்."

"உண்மையாவோ?"

"ஓம்."

சீனி வருத்தம் என்னும் நீரிழிவு இருந்தாலும் முரசு இப்படிக் கெடும் என்பதால் இரத்தம் சோதித்தோம். அது இல்லை. கீழ்ப்பல்லைக் காப்பாற்ற வழியில்லாமல் கழற்றி, சீவாளி பிடிக்க அந்த இடத்தில் ஒரு பொய்ப்பல் வைத்தேன். மற்றப் பற்களுக்கு விறைப்பூசி போட்டு, முரசுக்குக் கீழே வேரில் ஒட்டிய கல்லை நாலு தடவையாகச் சுரண்டி எடுத்தேன். ஆடிய மேற்பற்கள் இரண்டையும் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டினேன். வீக்கம் வற்றினால் பல் நீளமாகத் தெரியும், கூசும், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னேன். கரைந்த எலும்பு திரும்பி வராது, மிச்சத்தைத்தான் காக்கலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். தவறாமல் வந்தார்.

அடுத்த சித்திரையில் ஒரு நாள், திருநீற்றுப் பூச்சோடு கோயிலிலிருந்து நேரே வந்தார். முரசைச் சுற்றிப் புரோப் வைத்துப் பார்த்தேன். ஒரு துளி இரத்தம் இல்லை.

"இண்டைக்குக் காலமையும் விளக்கிப்போட்டுத்தான் ஊதினனான்," என்று சிரித்தார். எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு கைக்கண்ணாடியை வாங்கி, கீழே நான் வைத்துக்கொடுத்த பொய்ப்பல்லைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"முதல் நாளே ஏன் எண்டு கேட்டிருந்தியள் எண்டால், உந்தப் பல்லும் நிண்டிருக்குமோ டொக்டர்?"

"நிண்டிருக்கும் அண்ணை," என்றேன்.

ஓய்வு பெறும்வரை அதற்குப் பிறகு யாரிடமும் "பல்லு விளக்கிறனீங்களோ" என்று நான் கேட்டதில்லை. "இரத்தம் வந்தால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு, என் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.