வெக்கை தேடி மொன்ட்ரியாலுக்கு

மே மாதத்து முதல் கிழமை, பிற்பகல் நான்கு மணி. மூன்று விமானம் மாறி மொன்ட்ரியாலில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை ஜக்கெற்றைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டதுதான். வெளியே வெப்பநிலை பதினைந்து பாகை. வாடகைக் காருக்கு வரிசையில் நின்ற மற்றவர்கள் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

விமான நிலையத்திலிருந்து நாங்கள் வீடு எடுத்திருந்த மொன்ட்ரியால்-நோர் பகுதி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். அறுபது டொலருக்குக் கிட்ட வந்தது. சாரதி ஹெய்ட்டி நாட்டுக்காரர். இங்கத்தைக் குளிர் போகப் போகப் பழகிவிடும், பயப்பட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். என் கணவர் சிரித்துவிட்டார்.

"பாவம் மனுசன். நாங்கள் வெக்கைக்கு வந்திருக்கிறம் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

நாங்கள் வந்தது நோர்வேயின் வடகோடியிலிருந்து. யாழ்ப்பாணத்தை விட்டபின் இருபது வருடத்துக்கு மேல் அங்கே ஒரு மீன் தொழிற்சாலை ஊரில் இருந்துவிட்டோம். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. போன வருடம் அந்த இருட்டு என்னைக் கட்டிலோடு போட்டுவிட்டது. எழும்பிச் சமைக்கவும் மனமில்லை. எனக்காகத்தான் அவர் புறப்பட்டார். ஆனால் அங்கத்தை வீட்டை விற்கவில்லை, வேலையையும் விடவில்லை. செப்ரெம்பர் முடியும்வரை லீவு. "பாப்பம். சரிவராட்டில் திரும்பிப் போவம்" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்துப் பழகிய மனிதர். சரிவராது என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு முதல் நாளே பிடித்துக்கொண்டது.

நாங்கள் வாடகைக்கு எடுத்த கீழ்வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. நோர்வேயில் ஜன்னலோரச் சட்டியில் வருடா வருடம் பாகல் போடுவேன். கோடையில் அங்கே இரவே கிடையாது. கொடிக்கு நித்திரை இல்லை. ஆண்பூவாகவே பூத்துக் கொட்டும். ஒரு காய் கண்டதில்லை. இங்கே உண்மையான நிலத்தில் ஒரு பாகற்காயைக் கொடியிலிருந்து ஆய்ந்து அவருக்குப் பொரித்துக் கொடுத்துவிட்டால் இந்த ஊரில் தங்கிவிடுவோம் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு. புத்தியான கணக்கு இல்லைத்தான்.

ஜூன் நடுப்பகுதி, காலை ஒன்பது மணி. வடக்கில் அயலவர் தோட்டங்களில் பார்த்துக் கற்றதை அப்படியே செய்திருந்தேன். தெற்குப் பார்த்த செங்கல் சுவரோடு ஒட்டிப் பாகலை நட்டு, மேலே வெள்ளைத் துணி மூடி, விளிம்பெல்லாம் கல்லு வைத்திருந்தேன். அங்கே அப்படி மூடாவிட்டால் எதுவும் தப்பாது. அன்று முப்பத்திரண்டு பாகை. துணியைத் தூக்கினால் உள்ளே கன்றெல்லாம் வெந்து, அவித்த கீரை வாசம் வந்தது. மேல்வீட்டுப் பவானியக்கா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, பயிருக்குப் போர்வை போத்திருக்கிறாய்?"

"குளிர் பிடிச்சிடும் எண்டுதான் அக்கா."

"முப்பது வருசமா இஞ்சை இருக்கிறன். மொன்ட்ரியாலிலை வெய்யில் பத்தாது எண்டு பயந்த முதல் ஆள் நீதான்!"

சிரித்து முடித்தபின் தன்னிடம் மிஞ்சியிருந்த இரண்டு பாகல் கன்றுகளைக் கொண்டுவந்து தந்தார். இம்முறை சுவரிலிருந்து தள்ளி நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். குளிர்ந்த மண்ணோடு பழகிய எனக்கு, ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமற்போவது அதிசயமாக இருந்தது.

ஜூலை, இரவு ஒன்பது மணி. இந்த ஊர்க் கோடையில் எனக்கு மிகவும் பிடித்தது இருட்டுத்தான் என்றால் நம்புவீர்களா? இது வேறு இருட்டு. வெயில் இறங்கி, வானம் மெல்ல நாவற்பழ நிறமாகி, கொடியின் இலைகள் ஒவ்வொன்றாய் மறையும். பக்கத்து வேலிப் பக்கம் மின்மினிகள் எரிந்து எரிந்து அணையும். இருபது வருடமாய் மின்மினி பார்க்கவில்லை. கதிரையில் சாய்ந்திருந்தபடி, நித்திரையா விழிப்பா என்று தெரியாமல் நெடுநேரம் கிடப்பேன். கொடியும் நித்திரை கொள்ளுகிறது என்று நினைக்கவே மனம் ஆறியது. அவர் மட்டும் வாசற்படியில் இருந்து, வடக்கே வெளிச்ச இரவில் நித்திரை வராமலிருக்கும் நண்பர்களோடு, அன்றைக்குப் பிடிபட்ட மீன்பாட்டைப் பற்றித் தொலைபேசியில் நோர்வே மொழியில் கதைத்துக்கொண்டிருப்பார்.

பெண்பூ வந்தது. அணிலுக்குப் பயந்து கொடியைச் சுற்றி நெருக்கமான வலை கட்டிவிட்டு, காலையில் வலைக்குள் தலையை நுழைத்து, தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினேன். ஜன்னலுக்குள் மிளகாய்க்குச் செய்த பழக்கம். மகரந்தம் சரியாகப் பிடிக்காமல், தொட்ட பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்தது. இதையும் அக்காதான் கண்டுபிடித்தார்.

"வலையை அவிழ்த்து விடு பிள்ளை. உன்ரை வேலையைப் பாக்கத் தேனீ வாசல்லை நிக்குது."

"அணில் திண்டிடுமே அக்கா?"

"திண்டால் திண்டிட்டுப் போகட்டும். எல்லாத்தையும் மூடி மூடி வைச்சால் என்னெண்டு காய்க்கும்?"

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். ஓகஸ்ட்டில் காய்கள் தொங்கின. அணிலுக்குக் கொஞ்சம் போக, சட்டிக்கும் வந்தது. பொரித்துக் கொடுத்தேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துத் தின்றார், நல்லாயிருக்கு என்றார், தங்குவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் கணக்கு பிழைத்துவிட்டது என்று அன்று நினைத்தேன்.

செப்ரெம்பர் கடைசிக் கிழமை, காலை ஏழு மணி. லீவு முடிந்து அவர் மட்டும் வடக்கே, நோர்வேக்குப் போகிறார். ஒரு வழிப் பயணச்சீட்டு. வேலையிடத்தில் முகம் காட்டவேண்டும், பிறகு பார்ப்போம் என்றார். இரவு காற்றுக் குளிர்ந்து, இலைகள் ஓரம் கருகத் தொடங்கியிருந்தன. வாடகைக் கார் வருமுன் எங்கே போனார் என்று தேடினால், மனிதர் கொடியடியில் நிற்கிறார். மிஞ்சிய காய்களையெல்லாம் ஆய்ந்து எனக்காகக் கூடையில் போட்டிருந்தார். முற்றிக்கொண்டிருந்த ஒரு பெரிய காயை மட்டும் விட்டு, தான் வீட்டில் உடுக்கும் பழைய சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, குளிர் படாமல் அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இதை ஆய்ஞ்சு போடாதையும். விதைக்கு."

"விதையை ஆர் போடுறது?"

"நான்தான். வேறை ஆர்?" என்றார், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வீட்டை வித்துப்போட்டு வரச் சுணங்கும். ஏப்ரலுக்குள்ளை வந்திடுவன்."

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இனி எவ்வளவு பனி கொட்டினாலும் கொட்டட்டும் என்று நினைத்துக்கொண்டு, நான் அந்தத் துணி முடிச்சை இன்னொருமுறை இறுக்கினேன்.