பேசாத வங்கி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில், பல வங்கிகளின் கட்டண முறைகளை ஒரே இணைப்பாக்கும் வேலை என்னிடம் இருந்தது. கடைகளுக்குச் செயலி எழுதுபவர்கள் அந்த ஒன்றைப் பழகினால் போதும். பணம் போய்ச்சேர்ந்ததா என்று கேட்டால் ஒரு வங்கி உடனே பதில் சொல்லும். இன்னொன்று பேசாமல் இருக்கும். அதைத் தோல்வி என்று நான் எடுத்துக்கொண்டதால், முதல் பணம் போயிருந்தும் வாடிக்கையாளர்கள் இரண்டாம் முறையும் கட்டினார்கள்.

புதிதாகச் சேர்ந்த பெண், "அண்ணை, 'இன்னும் தெரியாது' எண்டும் ஒரு பதில் வைப்பமே?" என்றாள்.

அது சரிவந்தது; பிறகு ஒருவரும் இரண்டாம் முறை கட்டவில்லை. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் எழுதிய நிரலில் பிழை தேடி ஒரு பின்னேரம் முழுக்க வாசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த வங்கியின் வேலை அவளிடம் போனது. "அண்ணை, உதவி செய்வியளோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.