வதனியின் குதிரைக்கு ஐம்பது பிராங்க்

போன சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு குதிரை வென்றது. அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. மகள் கல்யாணம் கட்டிப் போன பிறகு இங்கே இருப்பதே இரண்டு பேர்தான் — நானும் என் மனைவி வதனியும்.

நான் குதிரைக்குக் காசு கட்டுகிறவன் என்பதை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. வெட்கம்தான். முதியோர் இல்லத்தில் சமையல் உதவியாள், வெள்ளிக்கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயில், அங்கேயும் கடைசி வரிசை... அப்படித்தான் என்னை உங்களுக்குத் தெரியும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டுவது பெட்டிங் எக்ஸ்சேஞ்ச் என்கிற இணையச் சந்தையில். அங்கே கடைக்காரன் கிடையாது. ஒரு குதிரை வெல்லும் என்று நான் சொன்னால், வெல்லாது என்று சொல்ல இன்னொரு ஆள் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். இரண்டு பேரும் ஒரு விலைக்குச் சம்மதித்தால் பந்தயம் பதிவாகிவிடும். அந்த ஆளின் முகம் தெரியாது. பெயர் தெரியாது. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சுவிசில் அந்தத் தளம் திறக்காது. லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி ரூபன்தான் தன்னுடைய பெயரில் போடுவான். நான் வாட்ஸ்அப்பில் சொல்வேன்.

எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒரே குதிரையை நம்புவதில்லை. மூன்றைப் பிடிப்பேன். எது வென்றாலும் போட்டதற்கு மேலே வருகிற மாதிரி காசைப் பிரிப்பேன். மூன்றிலும் 'வால்யூ' இருக்க வேண்டும். வால்யூ என்றால்? சுப்பர்மார்க்கெட்டில் கடை பூட்டுவதற்கு முன் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அந்தப் பாண், ரொட்டி மாதிரி. பாணில் குறை இல்லை. சனம்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு வருடத்தில் பெரிதாக வென்றதும் இல்லை, பெரிதாகத் தோற்றதும் இல்லை. அதைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வதனிக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. விடிய முதல் ரயிலில் சூரிச்சுக்குப் போய் இரண்டு அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவள் அவள். வந்து படுக்காமல் சாறி பிளவுஸ் தைப்பாள். நல்ல தையல். ஆனால் பழைய மெஷின், நாளுக்கு இரண்டு தரம் நூல் அறுக்கும். விண்டர்தூரில் ஒருவர் தையல் கடையை மூடுகிறார், பெரிய மெஷினையும் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக்கையும் சேர்த்து மூவாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். அது இருந்தால் துப்புரவு வேலையை விடலாம் என்பது அவளின் எண்ணம். இடுப்பு வேறு நோகிறது.

ஒரு மாதத்துக்கு முன் நான் ஃபோனில், குதிரைகள் வேலி பாய்ந்து ஓடுகிற பழைய பந்தயம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தவள் நின்றுவிட்டாள்.

"உதுக்கு மேலை ஆரையும் காணேல்லை?"

"முதல் வேலியிலையே ஓட்டினவன், ஜொக்கி, விழுந்திட்டான். உது இனிக் கணக்கில்லை."

"கணக்கில்லாட்டி ஏன் ஓடுது?"

அந்தக் குதிரை தனியே எல்லா வேலியையும் பாய்ந்தது. மற்றக் குதிரைகளை விலத்தி விலத்தி, கடைசிவரைக்கும். வதனி முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அதே குதிரை போன சனிக்கிழமை திரும்ப ஓடியது. காலையில் நான் அதைச் சொன்னதும் வதனி என் முன்னால் நான்கு ஐம்பது பிராங்க் தாள்களை வைத்தாள். பிளவுஸ் தைத்த காசு.

"ஆளில்லாமலே அவ்வளவு வேலியும் பாஞ்சது, ஆளோடை பாயாதோ? முழுக்க அதுக்குப் போடுங்கோ."

விலையைப் பார்த்தேன். ஒன்றுக்குப் பதினைந்து. இருநூறுக்கு மூவாயிரம்! போன தரம் ஆளை விழுத்திய குதிரை என்று சனம் கைவிட்டிருந்தது.

"முழுக்க. விளங்கிச்சுதோ?"

"ஓம்" என்றேன்.

பிறகு பல்கனிக்குப் போய் ரூபனுக்கு ஃபோன் எடுத்தேன். வதனியின் குதிரைக்கு ஐம்பது, மிச்ச நூற்றைம்பதை வேறு இரண்டுக்குப் பிரித்துப் போடச் சொன்னேன்.

"அண்ணை, அண்ணி முழுக்க எண்டல்லோ சொன்னவ?"

"நீ போடு."

ஏன் அப்படிச் செய்தேன்? அவளின் காசைக் காப்பாற்றத்தான் என்று ரூபனுக்குச் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி இதுதான்: அவளின் குதிரை தோற்று என்னுடைய இரண்டில் ஒன்று வெல்லும், "பார்த்தீரோ, நல்லவேளை நான் பிரிச்சுப் போட்டன்" என்று சொல்லலாம். அந்த வசனத்தை மத்தியானச் சோறு சாப்பிடும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பந்தயம் தொடங்கியபோது அவள் கழுத்தில் அளவு நாடாவோடு என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கடைசி வேலிக்கு அவளின் குதிரை மூன்றாவதாக வந்தது. பிறகு இரண்டாவது. பிறகு அதற்கு முன்னால் யாருமில்லை.

அவள் கத்தவில்லை. கதிரையை இழுத்து மெல்ல இருந்தாள்.

"மெஷின்காரருக்கு எடுத்து, இண்டைக்கே வாறம் எண்டு சொல்லுங்கோப்பா. நாளைக்கு ஆரும் கேட்டுடுவினம்."

ஃபோன் கையில் இருந்தது. பரிசுச்சீட்டு விழுந்த ஆள் மாதிரி அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்... நான் சிரிக்கவும் இல்லை, எண்ணை அழுத்தவும் இல்லை.

அந்த நேரம் ரூபனின் குரல் பதிவு வந்து விழுந்தது. அவளே விரலால் தட்டினாள்.

"அண்ணை! அண்ணியின்ர குதிரை வெண்டிட்டுது! நல்லகாலம் அம்பதெண்டாலும் போட்டம்! மற்ற ரெண்டுக்கும் போட்டது போனாப் போகட்டும். அண்ணிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, என்ன!" பிறகு ஒரு பெரிய சிரிப்பு.

வதனி திரும்ப ஒரு தரம் போட்டுக் கேட்டாள். ஐம்பது என்ற சொல் வந்ததும் நிறுத்தினாள்.

"உமக்கு நட்டம் வரக்கூடாதெண்டுதான்..." என்று தொடங்கினேன்.

"என்னைக் கலியாணம் பேசேக்கை உங்கட அக்காட்டை இன்னும் ரெண்டு பொம்பிளையளின்ர சாதகக் குறிப்பு இருந்தது. எனக்குத் தெரியும்."

இருபத்தாறு வருடம். ஒரு நாளும் அவள் அதைச் சொன்னதில்லை.

"உது எல்லாரும் செய்யிறதுதானே வதனி. ஒரு சாதகம் பொருந்தாட்டி மற்றது..."

"ஓம், எல்லாரும் செய்யிறதுதான். நான் செய்யேல்லை. உங்கட படம் ஒண்டைத்தான் பார்த்தன். அதோடை பிளேன் ஏறினன்."

எழும்பிப் போய்த் தைக்க இருந்தாள். பழைய மெஷின் நூல் அறுத்தது. கோத்தாள். திரும்ப அறுத்தது.

நான் வங்கி மெஷினுக்குப் போய், ஐம்பதுக்கு வந்த எழுநூற்றைம்பதை, ரூபன் அனுப்பும்வரை காத்திராமல் என் கணக்கிலிருந்து எடுத்துவந்து அவளின் முன்னால் வைத்தேன். அவள் நான்கு ஐம்பதுகளை எண்ணி எடுத்தாள்.

"இது என்ர. மிச்சம் உங்கட வால்யூ. வைச்சிருங்கோ."

அதுதான் கடைசியாகக் கதைத்தது. மெஷின்கள் திங்கட்கிழமை வேறு யாருக்கோ போய்விட்டன. ரகசியமாக நான்தான் எடுத்துக் கேட்டேன். வதனி கேட்கவில்லை. அன்று விடியவும் வழக்கம்போல முதல் ரயிலுக்குப் போனாள். படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிற சத்தம் கேட்டது.

பயத்துக்கு எத்தனை மரியாதையான பெயர்களை வைத்திருக்கிறோம்! நிதானம் என்கிறோம். முன்யோசனை என்கிறோம். இந்த நாட்டில் யன்னல் கண்ணாடிக்கும் காப்புறுதி கட்டி, வெயில் நாளிலும் குடை கொண்டுபோய், ஏற வேண்டிய ரயிலுக்கு முந்திய ரயிலில் ஏறி... நான் கெட்டிக்காரன் என்று என்னை நானே நம்பவைத்தேன். என் காசைப் பிரித்தால் அது என் பயம், என்னோடு போகும். அவளின் காசைப் பிரிக்க எனக்கு யார் சொன்னது? ஆளில்லாமல் ஓடிய குதிரையை ஒரு தரம் பார்த்தே அவள் கண்டுபிடித்த வால்யூவை, எட்டு வருடம் கணக்குப் பார்த்த நான் காணவில்லை.

ரூபனிடம் கணக்கை மூடச் சொல்லிவிட்டேன். "ஒருக்கா வெண்டதுக்கு ஏன் அண்ணை மூடுவான்?" என்று அவன் கேட்கிறான். அவனுக்கு விளங்காது.

அந்தச் சந்தையில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஆளின் முகம் தெரியாது என்று மேலே எழுதினேன். வதனியின் நூற்றைம்பது பிராங்குக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஆளை எனக்குத் தெரியும்... காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.