விழுப்புரத்துச் செல்வி

என் மகள் தீபத்தன்று காணாமல் போய் ஏழு மணி நேரம் கிடைக்காமல் இருந்ததற்குக் காரணம் நான். அவள் அம்மா அல்ல.

பதினோரு வருடமாக இந்தத் தெருவும், சொந்தக்காரர்களும், ஏன், என் மனைவியே கூட அதை வேறு மாதிரிதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. அந்தப் பொய்யில் எனக்குக் கிடைத்த நல்ல பெயரையும் வாங்கி வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஆறாவதைத் தாண்டாதவன். லாரியில் கிளீனராகப் போனேன். பம்பாயில் ஓட்டலில் மேஜை துடைத்தேன். ஹூப்ளியில் மூட்டை தூக்கினேன். ஒரு ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. பட்டினி கிடந்திருக்கிறேன், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன். அப்படிச் சுற்றுகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கே கிடந்தாலும் கார்த்திகை தீபத்துக்குக் கொடி ஏறுகிற அன்றைக்குத் திருவண்ணாமலைக்கு வந்துவிடுவேன். ஒரு வருடம் கூடத் தவறியதில்லை. திருவிழா பத்து நாள். என் பிள்ளைகளுக்கு அப்பா என்று ஒருவன் இருந்ததும் அந்தப் பத்து நாள்தான்.

மகள் மல்லிகா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அப்பா லீவு. மற்றப் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை லீவு, பொங்கல் லீவு. இவளுக்கு இது. ரங்கராட்டினம், மாட்டுச் சந்தை, தோளில் உட்கார்ந்து தேர் பார்ப்பது, சட்டையெல்லாம் பஞ்சு மிட்டாய் ஒட்டிக்கொள்வது... ஒன்றுவிடாமல் செய்து கொடுத்தேன். வருடம் முழுக்க வீட்டில் இருக்கிற அப்பாக்கள் செய்யாததைப் பத்து நாளில் செய்தேன். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பத்தாம் நாள்தான் தகராறு.

அன்று என் மனைவி சரோஜா வட ஒத்தவாடைத் தெருவில் அகல் விளக்கு விற்பாள். மலை மேல் தீபம் தெரிந்த அந்த நொடியில்தான் ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு ஏற்றுவார்கள். ஆகவே காலையிலிருந்து அந்தி வரை அவளுக்கு நிமிர நேரம் இருக்காது. கைக்குழந்தையாக இருந்த எங்கள் பையனை மடியில் போட்டுக்கொண்டு, மல்லிகாவை என்னிடம் தள்ளுவாள்.

“பொண்ண இட்டுக்கினு போய்த் திருவிழா காட்டுங்க. கூட்டம் ஜாஸ்தி. கைய மட்டும் வுட்டுடாதீங்க.”

எனக்கோ மலை ஏற வேண்டும். ஒன்பது நாள் ஒரே ஊரில் கட்டிப் போட்ட கால் அது. உச்சியில், கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று, நெய்யில் தீ பிடிக்கிற அந்த நேரத்தில் முகத்தில் அடிக்கிற அனலை வாங்க வேண்டும். அதற்காகத்தான் ரயிலில் டிக்கெட் இல்லாமல் கூட வந்திருக்கிறேன். நாலு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் பாறை ஏற முடியுமா?

அப்போதுதான் தேரடியில் அந்தக் கொட்டகையைப் பார்த்தேன். காணாமல் போன குழந்தைகளை வைத்திருக்கிற இடம். உயரமாக மேடை, மேலே தென்னங்கீற்று, வரிசையாகப் பெஞ்சு. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு பெண் போலீஸ் மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து நேராக மலை. ஊரிலேயே தீபம் அவ்வளவு நன்றாகத் தெரிகிற இடம் வேறு கிடையாது.

அடுத்து நான் என்ன செய்தேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

“உள்ள போய் அப்பாவக் காணோம்னு சொல்லு. பேரு கேட்டா செல்வினு சொல்லு. அப்பா பேரு கோவிந்தன். ஊரு விழுப்புரம். நான் வந்து கூப்புடற வரைக்கும் நிஜப் பேரு வாயில வரக்கூடாது. சரியா?”

ஏன் பொய்ப் பெயர்? கொட்டகையில் மைக் வைத்திருந்தார்கள். பேர், அப்பா பேர், ஊர் மூன்றையும் நாள் பூராவும் ஊர் முழுக்கக் கத்துவார்கள். சரோஜா உட்காருகிற இடத்துக்கு எதிரேயே ஒரு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தது. உண்மைப் பெயரைச் சொன்னால் அகலைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். அதை யோசித்துப் பெயர் மாற்றிய என் மூளையை அன்றைக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

மல்லிகா தனியாக உள்ளே போனாள். நான் பொரிக்கடை மறைவில் நின்று பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினாள் பாருங்கள்! நாலு வயது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். கையில் பிஸ்கட் வந்ததும் நான் மலைக்குக் கிளம்பினேன். இறங்கி வந்து கோவிந்தனாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் வாங்கினேன். அவள் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அந்தப் பெண் போலீசும் கண்ணைத் துடைத்தார். தெருமுனை திரும்பியதும் அவள் கேட்டாள்: “நல்லா அழுதேனாப்பா?”

மூன்று வருடம் இப்படி. போலீஸ் வெளியூரிலிருந்து வரும், வருடத்துக்கு வருடம் ஆள் மாறும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருடம் வேறு பேர் வைக்கலாமா என்று கேட்டேன். “செல்வியே இருக்கட்டும்ப்பா, பழகிடுச்சு” என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சரோஜாவுக்கும் அந்தப் பேர் பழகிவிட்டது. மூன்றாவது வருடம் ராத்திரிச் சோறு போடும்போது சொன்னாள்:

“இன்னா மனுசனோ அந்த விழுப்புரத்துக் கோவிந்தன். வருசா வருசம் புள்ளையத் தொலைச்சுட்டு மைக்குல பேரு வாங்கறான். பெத்தவ இன்னா பண்றாளோ. நானா இருந்தா வெளக்குமாத்தாலயே...”

மல்லிகாவுக்குப் புரை ஏறியது. நான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும்... இல்லை, மறைக்க மாட்டேன். இப்போதும் எனக்கு அது இனிக்கத்தான் செய்கிறது.

நாலாவது வருடம் மல்லிகாவுக்கு ஏழு வயது. “இந்த வருசம் அவ எங்கூடவே இருக்கட்டும். திரி எடுத்துக் குடுப்பா” என்று சரோஜா சொல்லிவிட்டாள். எனக்கு நிம்மதி. கையை வீசிக்கொண்டு மலை ஏறினேன்.

நடு மலையில் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து காற்றில் மைக் சத்தம் வந்தது. விழுப்புரம் கோவிந்தன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே செங்கம் சாலைக் கொட்டகைக்கு வரவும். உங்கள் மகள் செல்வி இங்கே இருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: “மத்தியானத்துலேர்ந்து கூவறாங்கப்பா. அந்த ஆளு எங்கயாச்சும் ஊத்திக்கினு வுழுந்து கெடப்பான்.”

நானும் சிரித்தேன்.

என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். பயம் இல்லை. பெருமை! நான் இல்லாமலே போய்விட்டாளே, அம்மாவுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் பிஸ்கட்டுக்கும் மேடைக்கும் தானாகவே போய் உட்கார்ந்துவிட்டாளே, என் ரத்தம் அல்லவா என்று நினைத்தேன்.

ஆனால் நாங்கள் போவது தேரடிக் கொட்டகை. செங்கம் சாலை ஊரின் அந்தக் கோடி. ஏழு வயதுப் பெண் அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? அது என் காதில் விழவில்லையா? விழுந்தது. மத்தியானத்திலிருந்து கூவுகிறார்கள் என்றாரே, அது? அதுவும் விழுந்தது. அங்கிருந்து இறங்கியிருந்தால் வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்திருப்பேன்.

நான் மேலே ஏறினேன்.

தீபம் பார்த்தேன். அனல் முகத்தில் அடித்தது. அரோகரா என்று மலையே கத்தியபோது நானும் கத்தினேன். காலடியில் ஊர் முழுக்கச் சின்னச் சின்னதாக விளக்குகள் முளைத்தன. அதில் எங்கள் வீட்டு விளக்கு இல்லை என்று எனக்குத் தெரியாது.

கீழே நடந்தது இதுதான். பையனுக்கு மூக்கு ஒழுகியது. துடைப்பதற்காகச் சரோஜா மல்லிகாவின் கையை விட்டாள். அந்தச் சமயத்தில் ஒரு கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. மலையைச் சுற்றப் போகிற கூட்டம். அதில் அகப்பட்டால் பெரிய ஆளே நினைத்த இடத்தில் நிற்க முடியாது. மல்லிகாவைச் செங்கம் சாலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாரோ கொட்டகையில் சேர்த்தார்கள். பேர் கேட்டார்கள்.

அவள் செல்வி என்றாள்.

சரோஜா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு தேரடிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே இருந்த தொண்டர் பையன் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்: “மல்லிகானு யாரும் வரலியேம்மா. செங்கம் ரோட்டுல ஒரு பொண்ணு இருக்குது. ஏழு வயசு. ஆனா பேரு செல்வி.”

“அய்யோ, அது விழுப்புரத்துப் பொண்ணு சார். அது வருசா வருசம் தொலையற பொண்ணு. எம்பொண்ணு வேற.”

இதை அவளே என்னிடம் சொன்னாள். தன் வாயாலேயே தன் மகளை வேண்டாம் என்று சொன்னாள். சொல்ல வைத்தவன் நான்.

எட்டு மணிக்கு மேல் மலையின் தெற்குப் பக்கமாகச் செங்கம் சாலையில் இறங்கினேன். கொட்டகையில் நாலைந்து பிள்ளைகள்தான் மிச்சம். மல்லிகா பெஞ்சின் கடைசியில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலைக் குடிக்கவில்லை. அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்ல அப்பன்யா நீ. எத்தினி பேரு எத்தினி வாட்டி கேட்டோம் தெரியுமா? பேரும் ஊரும் தவிர ஒரு வார்த்தை பேசல. நெஞ்சழுத்தக்காரி.”

அந்த வருடம் அவள் ஓடி வரவில்லை. அழவும் இல்லை. எழுந்து வந்து என் விரலைப் பிடித்தாள். தெருமுனை திரும்பியதும் கேட்டாள்.

“இப்ப மல்லிகா ஆவலாமாப்பா?”

ஏழு மணி நேரம். அம்மாவை எதிரில் பார்த்தால் போதும் என்றிருக்கிற வயது. ஆனாலும் அப்பா சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. பெரிய பெரிய ஆட்களைப் பார்த்தவன் நான். அப்படி ஒரு நெஞ்சுரத்தை எங்கேயும் பார்த்ததில்லை. அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டேன். வெட்கத்தினாலா என்று கேட்டால், அதுவும்தான். பெருமைதான் அதிகம்.

வழியில் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தேன். “அம்மா கேட்டா, ரோட்டுல நின்னுக்கினு இருந்தேன், அப்பா பாத்துட்டாருனு சொல்லு.” சரி என்று தலையாட்டினாள்.

சரோஜா எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெருப் பக்கம், முதுகு மலைப் பக்கம். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு. எங்கள் வீடு மட்டும் இருட்டு. மல்லிகாவைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

“எப்படிப்பா கண்டுபுடிச்ச, இந்தக் கூட்டத்துல?” என்று தெருக்காரர்கள் கேட்டார்கள்.

“பொரிக்கடை ஓரமா நின்னுக்கினு இருந்தா. தூரத்துலேர்ந்தே தெரிஞ்சுட்டா” என்றேன்.

“ஊர் ஊரா சுத்தினாலும் பெத்தவன் கண்ணு பெத்தவன் கண்ணுதான்” என்றார் எதிர்வீட்டு பாய். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அது வரைக்கும் அந்தத் தெருவில் என்னை ஒரு மனிதனாக யாரும் மதித்தது கிடையாது.

சரோஜா என் காலைப் பிடித்துக்கொண்டாள். “நான்தாங்க கைய வுட்டுட்டேன். நான்தான் வுட்டுட்டேன்.”

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அது வரைக்கும் செய்ததெல்லாம் ஒரு ஊர்சுற்றியின் புத்திகெட்ட விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவில், குனிந்து அவளைத் தூக்கிவிட்டு நான் சொன்னேன்:

“சரி வுடு. நடந்தது நடந்துடுச்சு. இனிமே ஜாக்கிரதையா இரு.”

அவளை மன்னித்தேன். நான், அவளை!

அதற்குப் பிறகு சரோஜா அகல் விற்கப் போகவில்லை. தீபத்தன்று பையனின் கையைத் தன் முந்தானையில் முடிந்துகொள்வாள். அவனுக்குப் பதினாலு வயது, கூச்சப்படுகிறான், விடமாட்டாள். “எம்மாதிரி கைய வுட்டுடாதீங்கடி” என்று தெருப் பெண்களிடம் சொல்வாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

மல்லிகாவுக்குப் பதினெட்டு. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். இப்போது டீச்சர் டிரெயினிங். வேங்கிக்கால் பக்கம் புது ஆபீஸ்கள் வரப் போகின்றனவாம், இவள் படிப்புக்கு அங்கேயே வேலை கிடைக்கும் என்கிறார்கள். பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுப்பேன் என்று நிற்கிறாள். இன்று வரை அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொல்லாதே என்று கேட்டதில்லை.

போன தீபத்தன்றும் வீட்டு வாசலில் எல்லாரும் நின்றோம். மலையில் தீபம் தெரிந்தது. அகல்களை ஏற்றினோம். சரோஜா எப்போதும் போலத் தனியாக ஒரு அகலை எடுத்து, படியின் ஓரத்தில் வைத்தாள். அந்த வருடத்திலிருந்து வைக்கிறாள்.

“அந்த விழுப்புரத்துப் பொண்ணு செல்வி, வூடு போய்ச் சேந்தாளோ இல்லையோ. அதுக்கப்புறம் மைக்குல அந்தப் பேரே வர்ல பாரு. என் பொண்ணு கெடைச்சுட்டா. அவ அம்மா இன்னும் தேடிக்கினு இருக்காளோ என்னமோ.”

மல்லிகா குனிந்து அந்தத் திரியைத் தூண்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

“சேந்திருப்பாம்மா” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் குரல் கொஞ்சமாவது நடுங்க வேண்டுமே! நடுங்கவில்லை. நான் வளர்த்த பெண்.

காற்று அடித்தது. சரோஜா எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். “அதுல எண்ண கம்மியா இருக்குது. நீங்க ஊத்துங்க. பொண்ணக் கண்டுபுடிச்ச கை.”

ஊற்றினேன். ஒரு சொட்டுக் கூடக் கீழே சிந்தவில்லை.