இணைச்சீர்ப் படத்தில் என் மகள்

மகனின் கல்யாண ஆல்பம் வந்த அன்று, முதல் பக்கத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கன்னத்து மருவைத் துடைத்து, என்னைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்திருந்தார்கள். உடனே ஃபோட்டோக்காரருக்கு ஃபோன் போட்டேன். "ஏனுங்க, இது யாருன்னு என்ற சொந்தக்காரங்களே கேப்பாங்க போலிருக்கே!"

"ஏஐயில போட்டா அப்புடித்தானுங்கம்மா வரும், எல்லாருக்கும் புடிச்சிருக்குதுங்க" என்றார். நல்ல பதில்தான், போ.

திட்டிக்கொண்டே பக்கம் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். இணைச்சீர் படம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணையாக அவன் அக்காளோ தங்கையோ நின்று செய்கிற சீர் அது. என் மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதனால் கொழுந்தனார் மகள்தான் மணவறையில் நின்றாள். ஆனால் படத்தில் அவள் முகம் இல்லை. அவள் கட்டியிருந்த அதே பட்டுச்சேலையில், வேறொரு பெண் என் மகன் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

"அக்காதாம்மா" என்றான் மகன். "சின்ன வயசு ஃபோட்டோவைக் குடுத்து, இப்ப இருந்தா எப்புடி இருப்பாளோ அப்புடி வரவெச்சோம்."

பொய் சொல்வானேன், அன்றைக்கு அந்தப் படத்தை மடியில் வைத்துத் தடவித் தடவி அழுதேன். மூக்கு என் மூக்கு. நெற்றி அவள் அப்பாவின் நெற்றி.

அடுத்த வாரம் கொழுந்தனார் மகள் ஆல்பம் பார்க்க வந்தாள். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்தாள். "பெரியம்மா, இது என்ற கையுங்க. என்ற வளையல்."

அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனேன். "பரவால்லீங்க பெரியம்மா, அக்காதானுங்களே" என்று அவளே சொல்லிவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

அதோடு விட்டதா? மில்லில் இருந்து ஓய்வு பெற்று, சிங்காநல்லூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மகனிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். அவர் ஃபோனில் மகள் கறுப்பு அங்கியில் பட்டம் வாங்கினாள். ஸ்கூட்டி ஓட்டினாள். "பாரு அம்மணி, பீளமேட்டுல வேலைக்குப் போறா" என்று ஃபோனை நீட்டுவார். பேச்சே இல்லாத மனுசன், இப்போது அந்தப் படத்திடம் பேசினார்.

"நிறுத்துங்க இந்தக் கருமத்த!" என்று கத்தினேன்.

"எனக்கு வேறென்ன இருக்குது, சொல்லு" என்றார்.

என் வயிற்றெரிச்சல் அவருக்கு எப்படிப் புரியும்? முன்பெல்லாம் கண்ணை மூடினால் என் பிள்ளை வருவாள். எண்ணெய் வழிய இரட்டைச் சடை, முன்பல் விழுந்த வாய். இப்போது அவள் வருவதில்லை. சேலை கட்டிய அந்தப் பெரிய பெண்தான் வருகிறாள். பழைய பள்ளிக்கூட ஃபோட்டோவை எடுத்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல இருக்கிறது. பெற்றவளுக்கே பிள்ளை முகம் மறக்குமா? மறக்கிறது. சாவு ஒரு தடவை எடுத்துக்கொண்டு போனது. மிச்சத்தை நாங்களே வாரிக் கொடுத்துவிட்டோம். இதை யாரிடம் சொல்லி அழ?

போன ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டுக்கே வந்து ஃபோனைக் காட்டினார். மாலையும் கழுத்துமாக மகள். பக்கத்தில் பட்டு வேட்டியில் ஒரு பையன்.

"மாப்பிள்ளை யாருன்னு தெரியல அம்மணி. அந்த ஏஐயே போட்டுச்சு. நல்ல எடமாத்தான் தெரியுது."

ஃபோனைப் பிடுங்கி எறியத்தான் கை நீட்டினேன். கையில் வாங்கிய பிறகு அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பையன் என்ன பண்றாருங்க?" என்று கேட்டேன்.