அரை டிக்கெட்டும் முழு யூனிட்டும்

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு ஸ்டாப் தள்ளியிருக்கும் எங்கள் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். பையைத் தூக்குவதற்குள் இன்ன பொருள், இன்ன எடை என்று செல்போனில் மெசேஜ் வந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, எம்புட்டு அரிசின்னு அதுவே சொல்லிருமா? பொறவு நமக்கு என்ன வேல?" என்றாள். புழுங்கலரிசியும் சாக்கும் சேர்ந்த அந்த வாசனை என்னைப் பழைய நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது சோழபுரத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி. அம்மாவுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. ரேஷன் கார்டில் பெரியவர்களுக்கு ஒரு யூனிட், பிள்ளைகளுக்கு அரை. யூனிட்டைப் பார்த்துத்தான் அரிசி போடுவார்கள். அம்மா உழக்கும் கையுமாக உட்கார்ந்து அது எத்தனை நாள் ஓடும் என்று கணிப்பாள். எப்படிக் கணித்தாலும் மாதக் கடைசியில் நாலைந்து நாள் இடிக்கும். அம்மாவுக்குப் பக்தி முற்றுவதும் அந்த நாட்களில்தான். "எனக்கு விரதம், நீங்க சாப்பிடுங்க" என்பாள். செவ்வாய்க்கு ஒரு சாமி, புதனுக்கு ஒரு சாமி.

எனக்குப் பதிமூன்று வயதாகியும் கார்டில் அரைதான். ஆளும் கத்திரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருப்பேன். தம்பி என்னை 'அரை யூனிட்டு' என்றே கூப்பிடுவான். மாற்றித் தரச் சொல்லி அம்மா தாலுகா ஆபீசுக்குப் போனாள். பிள்ளையை நேரில் காட்டச் சொல்லிவிட்டார்கள். "நீ மட்டும் முழு யூனிட்டு ஆயிட்டா, ஞாயித்துக்கெழமை தோசதான்" என்று அம்மா ஆசை காட்டினாள். தோசைக்காக நான் தாத்தாவாகக்கூட மாறத் தயாராக இருந்தேன்.

போகிற அன்று என்னைப் பழைய கவுனுக்குள் அடைத்து, இரட்டைச் சடை போட்டு, வாயில் கம்மர்கட்டைத் திணித்தாள். பையில் பக்கத்து வீட்டு அக்காவின் தாவணி. "பஸ்ஸுல நீ சின்னப் பிள்ள. ஆபீசுல பெரிய மனுசி. மாத்திக் கீத்திச் சொல்லிறாத."

டவுன் பஸ்ஸில், "அண்ணாச்சி, எனக்கு ஒன்னு, இவளுக்கு அரை" என்றாள். பின் சீட்டுக் கண்ணாடிக்காரர் ஒருவர் பிரியமாக, "பாப்பா எந்த கிளாஸ்?" என்று கேட்டார். "நாலாங்கிளாஸ்" என்றேன், கம்மர்கட்டை ஒதுக்கிக்கொண்டு. அம்மாவுக்கு ஒரே பெருமை.

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் தாவணிக்கு மாறி, விறுவிறு என்று ஆபீசுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் அதே கண்ணாடி! அவர் தாவணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கம்மர்கட்டு தின்னாச்சா பாப்பா?" என்றார்.

தோசை போனது போனதுதான், இருக்கிற அரையையும் அடித்துவிடுவாரோ என்று அழுகை முட்டியது. அம்மா அசரவே இல்லை.

"நம்ம பஸ்ஸு வார வேகம் தெரியாதா சார்? ஏறயில நாலாங்கிளாஸு, எறங்கயில எட்டாங்கிளாஸு."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார். "போகும்போது முழு டிக்கெட் எடுக்கணும், சரியா?"

எடுத்தாள். வீடு வரைக்கும் அந்த டிக்கெட்டுக்காகப் புலம்பிக்கொண்டே வந்தாள். நானோ முழு சீட்டையும் அடைத்துக் காலை அகட்டி உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோசை வந்தது. மாதக் கடைசியில் வந்துகொண்டிருந்த சாமிகள்தான் அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே கிடையாது. போன வாரம் ரேஷன் வாங்கித் திரும்பும்போது அம்மா பழக்கதோஷத்தில், "இவளுக்கு அரை" என்றுவிட்டாள். கண்டக்டர் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார். சிரித்து ஓய்ந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, மாசக் கடைசியில விரதம் இருப்பியே, அதெல்லாம் எந்தச் சாமிக்கு?"

அம்மா அரிசிப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"விரதமா? நானா? எனக்குத்தான் பசியே தாங்காதே, ஏட்டி."