இருபத்தைந்து என்று எழுதியவள் நான்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் மாற்றமாட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சூடான கண்ணாடி வால்வின் மேல் தூசி கருகும் வாசம்... மாதா கோயிலின் பழைய ஆம்ப்ளிஃபயரை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் வரும்.

மூன்று வருடங்களுக்கு முன், நான் தரம் ஒன்பதில் படித்தபோது, வால்வுகளைத் தாங்கும் அதன் இரும்புத் தட்டு துருப்பிடித்து இற்றுப்போனது. ஹட்டனில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த என் அக்கா ஸ்டெல்லா, புதுத் தட்டு செய்து தருவதாகச் சொன்னாள்.

கோயில் கமிட்டித் தலைவர் தொம்மை மாமா தயங்கினார். "பொம்பளப் புள்ள... திருவிழா அன்னைக்கு பாட்டு நின்னு போச்சுன்னா என்னம்மா செய்றது?"

"நிக்காது மாமா."

தோட்டம் அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது.

அலுமினியத் தகடு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. வால்வுகளைச் செருகும் சாக்கெட்டுகள் உட்கார அதில் வட்டத் துளைகள் வேண்டும். அதற்கான பஞ்ச் செட்டை அக்கா இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி வந்திருந்தாள். பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பது மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றிலும் அளவு பொறித்திருக்கும். தகட்டுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு வைத்து, நடு போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கினால் தகடு வட்டமாக வெட்டுப்படும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

"சாக்கெட்ட அளந்து, எந்த பஞ்ச்சுன்னு கொப்பில எழுதி வை பாப்பா. நான் தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்."

பெரிய சாக்கெட்டைச் சரியாக அளந்தேன். முப்பது. சிறிய சாக்கெட்டுகள் மூன்றும் இன்னும் பழைய தட்டில்தான் இருந்தன. ஒன்று மட்டும் கழன்று கம்பியில் தொங்கியது. அது இருந்த துளை கண்ணெதிரே காலியாக... அதன் குறுக்கே அளவுகோலை வைத்தேன். இருபத்தைந்து.

இத்தனை காலம் சாக்கெட் உட்கார்ந்திருந்த துளை பிழையாகவா இருக்கும் என்று நினைத்தேன். துரு அதன் விளிம்பைச் சுற்றிலும் தின்றிருந்தது. அதனால்தான் சாக்கெட்டே கழன்றது. அது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா கொப்பியைப் பார்த்து மூன்று துளைகளையும் வெட்டினாள். சாக்கெட்டைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். திருகு பிடிக்க வேண்டிய இடத்தில் தகடே இல்லை. சாக்கெட் சாய்ந்து, துளை வழியே சிமெந்துத் தரையில் விழுந்தது.

வேலையைப் பார்க்க வந்த தொம்மை மாமா வாசலில் நின்றிருந்தார். "அளவு பாக்காமயா வெட்டுன?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். "பாத்தேன் மாமா. பிழையா பாத்துட்டேன்."

நான் கொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மிச்சத் துண்டுகளில் சரியான பத்தொன்பது அளவில் துளையிட்டு, மூன்று சிறு தட்டுகள் செய்து, அந்த ஓட்டைகளின் மேல் ரிவிட் அடித்தாள். திருவிழாவில் பாட்டு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனாலும் அவளுக்கு 'ஓட்டை ஸ்டெல்லா' என்று பெயர் விழுந்தது.

அக்கா இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். கோயிலுக்கு வாங்கியிருக்கும் புது மைக் செட்டைத் தானே வந்து பொருத்துவதாகச் சொல்லியிருந்தாள். இன்று மாலை கோயிலில் நடந்த கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது.

"யாரு, ஓட்டை ஸ்டெல்லாவா? இந்தத் தடவ கோயில் செவுத்துலயே ஓட்டை போட்ருவா!"

யாரோ ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து போய், மூன்று வருடங்களாக ஒளித்து வைத்திருந்து இன்று கையோடு கொண்டுவந்த அந்தக் கொப்பியை நீட்டினேன். தொம்மை மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "சின்னது மூணு... இருபத்தஞ்சு. யாரு எழுத்து இது?"

"என் எழுத்து மாமா. அளந்தது நான்தான்."

"அவ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நானே சொல்லுவேன்னு இருந்திருப்பா மாமா."

யாரும் சிரிக்கவில்லை. மாமா கொப்பியை மெதுவாக மூடினார். "வரச் சொல்லு அவள."

இப்போது பள்ளி ஆய்வுகூடத்தில் எதையும் இரண்டு தடவை அளந்துதான் எழுதுகிறேன். அன்று ஒரே ஒரு தடவை... அதுவும் துளையை.

பழைய ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினாலும் வால்வுகள் கொஞ்ச நேரம் சிவந்திருந்துதான் மங்கும். இன்று உண்மையைச் சொல்லி முடித்தபின் அப்படி எதுவும் மிச்சமில்லை. கூட்டம் கலைந்தது. கோயில் விளக்குகள் அணைக்கப்பட்டன.